மரம் விழுந்திட்டுதாம்

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போனோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து தெற்கே போகும் ஏ9 வீதியில் நடந்த எதையாவது சொல்லத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "முறிகண்டியிலை இறங்கினீங்களோ?" என்பதாகத்தான் இருக்கும். இறங்கினோம். மழைச்சாரலில் கற்பூரம் பற்றுவதற்குள் மூன்று நெருப்புக்குச்சி போனது, ஆனால் தேங்காய் நன்றாகச் சிதறியது. அம்மாவுக்குத் திருப்தி. திறந்திருந்த ஒரேயொரு கடையில் சாரதி அண்ணை இரண்டு பை கச்சான் வாங்கினார். அங்கிருந்து ஆறு, ஏழு கிலோமீற்றர் போயிருப்போம். வான் நின்றது.

டிட்வாப் புயலுக்கு முந்திய ஒரு மார்கழி அது. பெரியம்மாவின் மகள், ரொறன்ரோவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கும் அக்கா, பெரியப்பாவின் ஆண்டுத் துவசத்துக்கு வந்திருந்தார். கூடவே பதின்மூன்று வயது மகள். மறுநாள் காலை பத்தரைக்குக் கட்டுநாயக்காவில் விமானம். கொக்குவிலில் இரவு எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் மழையோடு மழையாக விடியப்புறம் ஐந்துக்குள் போய்விடலாம் என்பது சாரதி அண்ணையின் கணக்கு. வழியனுப்ப நானும் அம்மாவும். மழைக்குள் நீங்கள் ஏன் என்று கேட்டுப் பார்த்தேன். "பிள்ளையைப் பிளேன் ஏத்தாமல் நான் என்னெண்டு வீட்டிலை இருக்கிறது?" என்று அம்மா சுவெற்றரைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முதல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம். அதற்குப் பெயர் இல்லை. காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால்தான் பெயர் வைப்பார்கள். 2008இல் நிஷா, 2020இல் புரெவி எல்லாம் அப்படிப் பெயர் வாங்கியவை. (டிட்வா யேமன் கொடுத்த பெயர், சொகோத்ரா தீவில் இருக்கும் ஒரு கடல்நீரேரியின் பெயராம். ஒரு புயலுக்கு நாங்கள் தொண்டைமானாறு என்று பெயர் வைத்தால் எப்படியிருக்கும், அப்படி.) பெயரில்லாத தாழமுக்கங்களைப் பிறகு யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. மழை மட்டும் பெயர் பார்த்துப் பெய்வதில்லை. மூன்று நாளாகப் பெய்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றில் குனிந்து கையால் தண்ணீர் அள்ளலாம் போல இருந்தது.

வான் நின்றதும் சாரதி அண்ணை கண்ணாடியை இறக்கி, எதிர்ப்பக்கம் குடை பிடித்து நடந்து வந்த ஒருவரைக் கேட்டார்.

"என்னவாம்?"

"மரம் விழுந்திட்டுதாம்."

அவ்வளவுதான். அவர் போய்விட்டார். பத்து நிமிடத்தில் இன்னொருவர் வந்தார். தண்ணி மேவிப் பாயுதாம். அடுத்தவர், பாலம் உடைஞ்சிட்டுதாம். பின்னால் நின்ற பஸ்ஸில் இருந்து இறங்கி வந்த பொடியன், இரணைமடு வான் பாயுதாம், கிளிநொச்சிப் பக்கமும் இனித் திரும்பிப் போக ஏலாதாம் என்றான்.

அக்காவின் மகள் பின்சீற்றில் இருந்து எட்டிப் பார்த்தாள். "எந்த வான், மாமா?"

சிரிப்பு வந்தது. நாங்கள் இருப்பதும் வான், குளம் நிரம்பி வழிவதும் வான். இரணைமடுவில் தண்ணீர் 36 அடிக்கு மேல் ஏறினால் வான் பாயும், அதற்கு முன்னாலேயே வான்கதவுகளைத் திறந்துவிடுவார்கள், தண்ணீர் கனகராயன் ஆற்றால் ஓடி ஆனையிறவுப் பக்கம் போய்க் கடல்நீரேரியில் விழும் என்று ஒரு வாத்தியார் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அதுவல்ல சந்தேகம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்:

"ஆம் எண்டால் யெஸ் தானே? ஏன் எல்லாரும் கடைசியிலை யெஸ் சொல்லீனம்?"

ரொறன்ரோத் தமிழ் வகுப்பில் 'ஆம், இல்லை' என்றுதான் படித்திருக்கிறாள். இங்கே அந்த ஆம் தலைகீழாக நிற்கிறது. நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார், பிழையென்றால் என்னைப் பிடிக்காதே என்பதையெல்லாம் ஓர் 'ஆம்' சுமந்துகொண்டு போய்விடும். அன்றிரவு அந்த வரிசையில் இருந்த அத்தனை செய்தியும் ஆம் போட்ட செய்திதான். யாரிடமும் ஆம் போடாத ஒரு வசனம்கூட இல்லை.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அடித்துப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடு வரும், போகும். முன்னால் காட்டுக்கு மேலே கொக்காவில் தொலைத்தொடர்புக் கோபுரத்தின் சிவப்பு வெளிச்சம் மழை கனக்கும்போது மறைந்து, கொஞ்சம் விட்டதும் தெரிந்தது. 174 மீற்றர் உயரக் கோபுரத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சிக்னல் இல்லாமல் நிற்பது ஒரு தனி எரிச்சல்.

அக்காவுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அவருடைய கவலை எஞ்சின். சாரதி அண்ணை ஏசியைப் போட்டுக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டிருந்தார். "அண்ணை, நிப்பாட்டுங்கோ," என்றார் அக்கா. அண்ணைக்குப் பிடிக்கவில்லை. நிற்பாட்டினால் கண்ணாடி புகைக்கும், திறந்தால் நுளம்பு. அக்கா விடவில்லை. அங்கே பனிக்காலத்தில் இப்படி மாட்டிக்கொண்டால் மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம்தான் எஞ்சினை ஓட விடுவார்களாம். அதற்கும் முதல் இறங்கிப்போய்ப் பின்னால் சைலன்சர் குழாயை மூடிக் கிடக்கும் பனியைக் கிண்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புகை உள்ளே திரும்பும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்கு இதமாக நித்திரை கொள்கிறோம் என்று நினைத்தபடியே ஆள் போய்விடும்.

2010 டிசம்பரில் ஒன்ராறியோவில் 402ஆம் நெடுஞ்சாலையில், சார்ணியாவுக்கும் லண்டனுக்கும் இடையில் (அங்கேயும் ஒரு லண்டன் இருக்கிறது), முந்நூறு பேருக்கு மேல் வாகனங்களோடு பனிக்குள் புதைந்துபோனார்கள். இராணுவ ஹெலிகொப்டர் வந்து ஏற்றவேண்டியதாயிற்று. அத்தான் அந்த நாட்களில் அந்த வழியால் லொறி ஓட்டியவர். அவர் மாட்டவில்லை, முதல்நாளே திரும்பிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து அவர்களுடைய வாகனத்தின் பின்பெட்டியில் ஒரு சவள், போர்வை, மெழுகுதிரி, பிஸ்கற் இல்லாமல் குளிர்காலம் தொடங்குவதில்லை.

அந்தப் பனி ஹியூரன் ஏரியால் வருவது. குளிர்ந்த வறண்ட காற்று, இன்னும் உறையாத, சூடு மிஞ்சியிருக்கும் ஏரிக்கு மேலால் வரும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, கரை ஏறியதும் ஒரு ஒடுங்கிய பட்டையில் கொட்டித் தள்ளும். பத்து கிலோமீற்றர் தள்ளி வெயிலும் எறிக்கலாம். அக்கா சொல்லச் சொல்ல எனக்கு இது எங்கள் வாடைக்காற்றின் கதை மாதிரியே பட்டது. வடக்கே ஆசிய நிலத்தில் இருந்து வறண்டு வெளிக்கிடும் காற்று வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது நனைந்துவிடுகிறது. எங்களுக்கு அது மாரி. ஆறென்று சொல்ல வழுக்கையாறு ஒன்றைத் தவிர எதுவுமில்லாத, சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் குடாநாடு, வருடம் முழுவதும் குடிப்பதும் இறைப்பதும் பெரும்பாலும் இந்த மூன்று மாதம் நிலத்துக்குள் இறங்கும் தண்ணீரைத்தான். ஆகவே மாரியைத் திட்டவும் மனம் வராது.

சரி, எஞ்சின். அண்ணை கடைசியில் நிற்பாட்டினார். பனிக்குப் பயந்து இல்லை, டீசல் முள்ளைப் பார்த்து. "தங்கச்சி, 2022இலை நான் ரெண்டு நாள் டீசல் லைனிலை கிடந்தனான். வானுக்குள்ளைதான் படுக்கை. எனக்கு உது புதுசில்லை." அதற்குப் பிறகு இருவரும் சிநேகிதமாகிவிட்டார்கள். வரிசையில் கிடந்து பழகியவர்கள் ஒருவரையொருவர் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மகள் சிக்னல் வந்த ஒரு நிமிடத்தில் எதையோ தேடிப்பிடித்து வாசித்தாள். 2022 ஜனவரியில் அமெரிக்காவில், வேர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான வாகனங்கள் பனியில் நின்றன. டிம் கெய்ன் என்ற செனட்டர் 27 மணித்தியாலம் தன் காருக்குள் இருந்தார். புளோரிடாவில் இருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் ஒவ்வொரு காராக நடந்து தோடம்பழம் கொடுத்ததாம், அவருக்கும் ஒன்று கிடைத்ததாம். "கிடைச்சுதாம்," என்று அவளே ஆம் போட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வகுப்பில் வராத பாடம் ஒன்று வந்துவிட்டது.

எங்களுக்குத் தோடம்பழம் கிடைக்கவில்லை. எங்களுக்கு முன்னால் நின்றது நீர்வேலியில் இருந்து வாழைக்குலை ஏற்றிய லொறி. பதினொன்றரைக்கு அதன் சாரதி படங்கை விலக்கி இரண்டு குலையை இறக்கி, சீப்புச் சீப்பாக வெட்டிப் பஸ்காரருக்கும் எங்களுக்கும் கொடுத்தார். முதலாளிக்கு என்ன சொல்லுவீர்கள் என்று அம்மா கேட்டார். "மழைக்குப் பழுத்திட்டுது எண்டு சொல்லுறன் அம்மா." காய் இன்னும் பச்சை. துவர்த்தது. நல்லாயிருக்கு என்று எல்லாரும் சாப்பிட்டோம்.

பழம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, பிறகு வந்தது அடுத்த பிரச்சினை. ஆண்களுக்கு இரவும் காடும் போதும். பஸ்ஸில் மட்டும் இருபது பெண்களாவது இருந்திருப்பார்கள். அம்மாவுக்கு நீரிழிவு. நான் ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் ஒரு பற்றை வரைக்கும் கூட்டிப்போகலாம் என்றேன். அம்மா தார் விளிம்பில் வந்து நின்றார். அதற்கு அங்கால் ஓரடி வைக்கவில்லை.

"அங்காலை போகாதை. மிதிவெடி."

எல்லாம் எடுத்தாச்சு அம்மா, எத்தனை வருசம். கேட்கவில்லை. யுத்தம் முடிந்து கனகாலம் இந்த வீதியின் இரண்டு கரையிலும் மஞ்சள் நாடாவும் மண்டையோட்டுப் பலகையும்தான். பஸ் நின்றாலும் தாரை விட்டு இறங்காதே என்பதுதான் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வீதி ஒழுங்கு. பலகைகளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், அம்மாவின் காலில் இருந்து அதைக் கழற்ற முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் பஸ்ஸில் இருந்து இறங்கிய வயதான பெண்கள் அத்தனை பேரும் அப்படியே தார் விளிம்பில் வரிசையாக நிற்கிறார்கள். கடைசியில் பஸ்ஸுக்கும் எங்கள் வானுக்கும் நடுவில் இளம் பெண்கள் ஆறு குடையை விரித்து, மூன்று சீலையைக் குறுக்கே பிடித்து, தார் வீதியிலேயே ஒரு மறைப்புக் கட்டினார்கள். மழை மிச்சத்தைக் கழுவிக்கொண்டு போனது. நாங்கள் ஆண்கள் முன்பக்கம் போய் வாழைக்குலையைப் பற்றி உரக்கக் கதைத்துக்கொண்டு நின்றோம். வீதி போடுகிறவர்கள் இதை எந்தத் திட்டத்திலாவது யோசிக்கிறார்களா என்று தெரியவில்லை. வவுனியா வரைக்கும் அறுபது, எழுபது கிலோமீற்றர் காடு.

வானுக்குள் திரும்பி வந்ததும் அம்மா தலையைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னார்: "செம்மணியிலை இதுவும் இல்லை."

95 ஒக்ரோபர் 30. யுத்தத்தால் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிக்கு வெளிக்கிட்ட நாள். இலட்சக்கணக்கான சனம், ஒரு வீதி. எனக்குப் பதினொரு வயது, சைக்கிளில் கட்டிய அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஞாபகம் இருப்பது முன்னால் போனவரின் முதுகும் மழையும்தான். தாகத்துக்குக் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீர் ஏந்திக் குடித்தார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் கிடந்தது, அத்தனையும் உப்பு. சாவகச்சேரி பதினைந்து கிலோமீற்றர். நாங்கள் மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தோம்.

அம்மா அதைப் பற்றிச் சொல்வது குறைவு. அன்றைக்கு அக்காவின் மகளுக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன். அடி அடியாக நகர்ந்து செம்மணிக்கு வந்தபோது முன்னால் இருந்து செய்தி வந்ததாம், நாவற்குழிப் பாலம் உடைச்சாச்சாம் என்று. பின்னால் இருந்த சனம் அழுதது, சிலபேர் திரும்ப வெளிக்கிட்டார்கள், நெரிசலில் ஒரு கிழவி கீழே விழுந்தார். அம்மாவும் சைக்கிளைத் திருப்பப் பார்த்தார். அப்போது எதிரே ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தாயை விட்டுவிட்டுப் போய், தேடித் திரும்பி வருகிறார். அவர் சொன்னது: "பாலம் கிடக்கு. நான் இப்ப அதிலைதான் வந்தனான்."

"அவர் ஆம் போடேல்லை," என்றாள் மகள்.

"இல்லை பிள்ளை. அவர் பாத்தவர்."

பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ போய்ப் பாத்திட்டு வா. கேட்டிட்டு வராதை, பாத்திட்டு வா."

நேரம் ஒன்றரை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன். லொறிகள், பஸ்கள், ஒரு மீன் லொறி (ஐஸ் உருகிப் பின்கதவால் ஒழுகிக்கொண்டிருந்தது, சாரதி அதற்குப் பக்கத்தில் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தார்), கல்யாணக் கார் ஒன்று, பொன்னெற்றில் பூ நனைந்து தொங்கியது. எண்ணிக்கொண்டு போனேன், நூற்றிப் பத்தில் விட்டுவிட்டேன்.

மரம் விழுந்துதான் இருந்தது. பாலை மரம், இரண்டு பேர் கை கோர்த்தால்தான் கட்டலாம் போன்ற அடி. மூன்று நாள் மழையில் மண் இளகி, வேரோடு சாய்ந்திருக்கிறது. சாய்ந்த இடம்தான் பிழையாகிவிட்டது. பக்கத்தில் ஒரு மதகு. மரத்தின் தலை சரியாக மதகின் வாயில் போய் விழுந்து, காட்டுக்குள்ளால் வந்த சருகையும் கொப்பையும் பிடித்து அடைத்துவிட்டது. கீழே போக வழியில்லாத தண்ணீர் மேலே ஏறி வீதியைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கக் கரையில் ஒரு மீற்றர் அளவுக்கு மண்ணை அரித்து, தாரின் விளிம்பு பிஸ்கற் கடித்ததுபோல் இருந்தது. மதகு நின்றது. பாலம் என்று அங்கே எதுவுமே இல்லை, உடைவதற்கு.

ஊர்ப் பொடியன்கள் பத்துப் பேர், ஆமிக்காரர் நாலைந்து பேர், ஒரு ட்ரக்டர், மரம் அரியும் மெஷின் ஒன்று. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். ஆனால் ஓடுகிற தண்ணீர். ஓடும் தண்ணீர் அரையடி இருந்தால் ஆளை விழுத்தும், ஓரடி இருந்தால் சின்னக் காரைத் தூக்கி நகர்த்தும். ஒரு வான்காரர் விட்டுப் பார்க்கிறேன் என்று நின்றார். சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் மறித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு நீளக் கம்பு. மதகடியில் நின்ற வெள்ளைத் தூணில் தண்ணீர் தொடும் உயரத்தில் ஒரு சிவப்புச் சொப்பின் பையைக் கட்டியிருந்தார்.

"உந்தப் பை தண்ணிக்கு மேலை வந்து ஆடவேணும். அப்பதான் விடுவன்."

நான் பத்து நிமிடம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பை தண்ணீரின் மேல் படுத்து, ஓட்டத்தோடு நீண்டு துடித்துக்கொண்டிருந்தது. மெஷினால் ஒரு கிளையை அறுத்து ட்ரக்டர் இழுத்ததும், மதகுக்குள் குடகுடவென்று ஒரு சத்தம். பையின் மேல் விளிம்பு நிமிர்ந்தது. ஒரு விரல்கடை இருக்கும். பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

திரும்பி வரும்போது ஒவ்வொரு கண்ணாடியும் இறங்கியது. என்னவாம், என்னவாம். சொன்னேன்: மரம் விழுந்து கிடக்கு, வெட்டுகினம், தண்ணி வடியத் தொடங்கியிட்டுது, நான் பாத்தனான். முப்பது வாகனத்துக்குச் சொல்லியிருப்பேன். தொண்டை கட்டிவிட்டது, ஆனால் அந்த 'பாத்தனானை' விட மனம் வரவில்லை. அதைச் சொல்லும்போது ஆட்களின் முகம் மாறுவதைக் கண்டேன்.

வானடிக்கு வந்தால் சாரதி அண்ணை பதறிக்கொண்டு இறங்கினார். "தம்பி, பாலத்தோடை ஒரு ட்ரக்டர் போயிட்டுதாமே? ரெண்டு பேராம்?"

நான் சொன்ன செய்தி மோட்டார்சைக்கிளில் ஏறி என்னை முந்திக்கொண்டு வந்திருக்கிறது. வழியில் பாலமும் கட்டி, அதை உடைத்தும், இரண்டு பேரைக் கொன்றும் இருக்கிறது.

நாலு நாற்பதுக்கு வரிசை அசைந்தது. ஒவ்வொரு வாகனமாக, வலது சக்கரம் நடுக்கோட்டுக்கு அங்கால் இருக்கும்படி விட்டார்கள். மதகைக் கடக்கும்போது மகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள். தூணில் சிவப்புப் பை ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

விமானம் போய்விட்டது. ரிக்கற்றை மாற்றக் கொடுத்த காசைப் பற்றி அக்கா இன்றைக்கும் போனில் சொல்லுவார், அதை இங்கே எழுதினால் இன்னொரு கட்டுரை. டிட்வா அடித்த 2025 நவம்பரில் கலா ஓயா வெள்ளத்தில் ஒரு பஸ் சிக்கி, பயணிகள் ஒரு வீட்டுக் கூரையில் ஏறி நின்று மீட்கப்பட்டார்களே, அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு நடுச்சாமத்தில் எடுத்தார். எங்களுக்கு நடந்தது அதற்குக் கிட்டவும் வராது. அந்தக் கம்புக்காரர் இல்லாமல் அந்த வான்காரர் விட்டுப் பார்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று மட்டும் அன்றைக்கு யோசித்தேன்.

வவுனியாவில் விடிந்தது. பஸ் நிலையத்தடியில் ஒரு தேத்தண்ணிக் கடை. எங்கள் கோலத்தைப் பார்த்ததுமே கடைக்காரர் கேட்டார்: "முறிகண்டிக்கு இங்காலை பாலம் உடைஞ்சு கனபேர் போயிட்டினமாமே?"

அம்மா நனைந்த சுவெற்றரைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தார்.

"பாலம் இல்லை, மதகு. பாலை மரம் விழுந்து அடைச்சது. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. மகன் பாத்தவன்," என்றார். "எனக்குச் சீனி போடாதையுங்கோ."